ஒரே லேப்டாப், இரண்டு நெட்வொர்க்: ஐந்து வருஷ அனுபவம்

எங்கள் ஆபீஸில் டிஎச்சிபி, அதாவது கம்ப்யூட்டர்களுக்குத் தானாகவே ஐபி எண் (நெட்வொர்க் முகவரி) கொடுக்கும் வசதி, கிடையாது. சேர்ந்த அன்றே ஆளுக்கொரு ஐபி எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு வந்தது 192.168.10.47. வீட்டில் மோடமே எண் கொடுத்துவிடும். மாடி அறைக்கு வைஃபை எட்டாததால் அங்கேயும் கேபிள்தான். ஆக, கேபிள் சொருகும் ஒரே லேன் போர்ட்டுக்குத் தினமும் இரண்டு வேஷம்.

முதல் வருஷம் எல்லாம் கையால்தான். ஒருநாள் ராத்திரி ஐபியை ஆட்டோமேட்டிக்காக மாற்றியவன், அதற்குக் கீழேயே இருந்த டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைச் சொல்லும் சர்வர்) மறந்துவிட்டேன். மோடத்தில் பச்சை விளக்கு எரிகிறது, ஒரு தளமும் திறக்கவில்லை. நெட் கம்பெனிக்கு போன் போட்டுச் சத்தம் போட்டேன். மறுநாள் வந்த பையன் தன் போனில் யூடியூப் ஓட்டிக் காட்டிவிட்டு, "சார், நெட் வருது. உங்க லேப்டாப்பைக் கொஞ்சம் காட்டுங்க" என்றான். பாவம் அந்த லேப்டாப், ஆபீஸ் சர்வரிடமே இன்னும் வழி கேட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் நெட்வொர்க் அமைப்பை மாற்றும் விண்டோஸின் நெட்ஷ் கட்டளைகளை வைத்து இரண்டு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) எழுதினேன். டெஸ்க்டாப்பில் 'வீடு', 'ஆபீஸ்' என்று இரண்டு ஐகான். ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் ஐந்து விநாடியில் வேலை முடிந்தது. இரண்டு வருஷம் நிம்மதி. புது லேப்டாப்பில் லேன் போர்ட்டே இல்லை. யூஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கினேன். அதை வேறு ஓட்டையில் சொருகினால் 'ஈதர்நெட் 2' என்பது 'ஈதர்நெட் 3' ஆகிவிடும், ஃபைலுக்குள் இருக்கும் பெயர் செல்லாது. இப்போது சரியான ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன்.

கடந்த இரண்டு வருஷமாக ஆல்டர்நேட் கான்ஃபிகரேஷன்தான். ஐபி எண்ணைப் போடும் ஐபிவி4 ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியில் ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே தலைகாட்டும் இரண்டாவது டேப் அது. இத்தனை நாள் கண்ணில் படாததற்கு அதுதான் காரணம். அதில் ஆபீஸ் எண்களைப் போட்டுவிட்டால் போதும். டிஎச்சிபி கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் இது. காலையில் தேடிப் பார்த்து ஓய்வதற்கு ஒரு நிமிஷம் வரை ஆகும். அதற்குள் டீ வந்துவிடும்.

ப்ராக்ஸிக்கு, அதாவது ஆபீஸில் நமக்கும் நெட்டுக்கும் நடுவில் நிற்கும் சர்வருக்கு, மட்டும் இது உதவாது. விண்டோஸில் ப்ராக்ஸியை அணைத்துவிட்டு, ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் ஆபீஸ் ப்ராக்ஸியைப் போட்டு வைத்திருக்கிறேன். அது தனக்கென்று தனி அமைப்பு வைத்துக்கொள்ளும். வீட்டில் குரோம், ஆபீஸில் ஃபயர்ஃபாக்ஸ்.

ஒரே ஒரு முறை மாட்டிக்கொண்டேன். யாரோ பிரின்டருக்குப் பின்னால் சொந்த வைஃபை ரவுட்டர் ஒன்றைச் சொருகியிருந்தார்கள். அது டிஎச்சிபி வழங்க ஆரம்பிக்க, என் லேப்டாப் ஆசையாக வாங்கிக்கொண்டது. கையால் எண் போட்டிருந்த எல்லோருக்கும் நெட் வருகிறது, எனக்கு மட்டும் இல்லை. அன்று பழைய 'ஆபீஸ்' ஃபைலைத் தேடியெடுத்து, பெயரைத் திருத்தி ஓட்டினேன்.