சென்னைச் சட்டமன்ற உறுப்பினர் பட்டியல் 1937–1957, மறுபதிப்பு, மூன்று பாகங்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

மூன்று பாகமும் சேர்த்து ரூ. 2,400. அஞ்சல் செலவு தனி. பழைய அரசு அச்சக வெளியீடுகளை ஸ்கேன் செய்து, கெட்டி அட்டை போட்டு, ஆர்டர் வந்த பிறகு அச்சடித்து அனுப்புகிற ஒரு சிறு பதிப்பகத்தின் மறுபதிப்பு இது. குறைகளைச் சரிசெய்வதாகத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள் என்பதால் அவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இந்த மாதிரி மறுபதிப்புகளை வாங்க நினைப்பவர்கள், குறிப்பாக ஆசிரியர்களும் ஊர் வரலாறு எழுதுகிறவர்களும், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

நான் குடியாத்தத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்துகிறேன். எங்கள் தொகுதியிலிருந்து யார் யார் சட்டமன்றத்துக்குப் போனார்கள், எந்தத் தேதியில் போனார்கள், எந்தத் தேதியில் உறுப்பினராக இல்லாமல் போனார்கள் என்று பிள்ளைகளையே தேடிப் பிடிக்க வைப்பது என் வழக்கம். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் வெற்றி பெற்றவரின் பெயரோடு நின்றுவிடுகின்றன. அதற்காகத்தான் இந்தப் புத்தகங்கள்.

முதல் பாகம் 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி அமைந்த இரண்டு பேரவைகளைப் பற்றியது. 1937 தேர்தலில் ஒன்று, 1946 தேர்தலில் ஒன்று. இந்தப் பாகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். தாள் தடிமனாக இருக்கிறது, மை பின்பக்கம் தெரியவில்லை, நூல் தையல் என்பதால் முழுதாக விரித்து மேசையில் வைக்க முடிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 215 இடங்களும் எப்படிப் பிரிக்கப்பட்டன என்கிற அட்டவணை ஒரு எழுத்துகூட மங்காமல் வந்திருக்கிறது. பொது இடங்கள் 116, தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு 30, முஸ்லிம்கள் 28, இந்தியக் கிறிஸ்தவர்கள் 8, பெண்கள் 8, நிலவுடைமையாளர் 6, வணிகமும் தொழிலும் 6, தொழிலாளர் 6, ஐரோப்பியர் 3, ஆங்கிலோ இந்தியர் 2, பல்கலைக்கழகம் 1, பழங்குடியினர் 1. கூட்டிப் பார்த்தால் 215 சரியாக வருகிறது. வகுப்பில் இந்த ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தால் போதும். ஓர் ஊரில் இருக்கிற எல்லோரும் ஒரே தொகுதியில் வாக்குப் போடுகிற இன்றைய ஏற்பாடு அன்றைக்கு இல்லை என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கிவிடும். சொத்தோ வரியோ படிப்போ இருந்தவர்களுக்குத்தான் வாக்கு. முஸ்லிம் தொகுதியில் முஸ்லிம்கள் மட்டும் வாக்களித்தார்கள். தாழ்த்தப்பட்டோருக்கான அந்த 30 இடங்கள், காந்தி, அம்பேத்கர் தரப்புகளுக்கிடையே 1932இல் ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்தில் பேசி முடிவானவை. 1937இல் ராஜாஜி வந்தது பல்கலைக்கழகத்துக்கான அந்த ஒற்றை இடத்தின் வழியாக. இன்று ஆந்திரத்தில் இருக்கிற பொப்பிலியின் பக்கத்தைத் திறந்தால், பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரியின் பெயர் இருக்கிறது. அவரிடம் தோற்றவர் அதற்கு முன் மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பொப்பிலி ராஜா. ராஜாவை அவருடைய சொந்த ஊரிலேயே தோற்கடித்த தேர்தல் அது என்று சொன்னதும் கடைசி பெஞ்சில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள்.

இந்தப் பாகத்தில் கெட்டது ஒன்றே ஒன்று, பதிப்பகத்தார் புதிதாக எழுதிச் சேர்த்த முன்னுரை. "ஒவ்வொரு பேரவையின் பதவிக்காலமும் ஐந்து ஆண்டுகள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சட்டப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நடந்தது வேறு. 1937 ஜூலையில் ராஜாஜி அமைச்சரவை அமைத்தார். மக்கள் பிரதிநிதிகளைக் கேட்காமல் இந்தியாவை உலகப் போரில் இழுத்துவிட்டதைக் கண்டித்து 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. அதோடு பேரவை கூடுவது நின்றது. அதே 1935 சட்டத்தின் 93ஆம் பிரிவின் கீழ் ஆளுநரே ஆட்சி நடத்தினார். இரண்டேகால் ஆண்டு மட்டுமே வேலை பார்த்த பேரவை அது. அடுத்தது அதற்கு நேர்மாறு. 1946இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை பிரகாசம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என்று மூன்று தலைமைகளைப் பார்த்தது. நாடு விடுதலை அடைந்ததைப் பார்த்தது. 1950இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பிறகும் இடைக்காலச் சட்டமன்றமாகத் தொடர்ந்து, 1952 தேர்தல் வரை நீடித்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டு. ஐந்தாண்டு என்ற கணக்குக்குள் இந்த இரண்டுமே அடங்கவில்லை. உள்ளே அச்சாகியிருக்கிற தேதிகளையே புரட்டிப் பார்த்திருந்தால் முன்னுரை எழுதியவருக்கு இது தெரிந்திருக்கும். முன்னுரையை விட்டுவிட்டு நேராகப் பட்டியலுக்குப் போங்கள்.

இரண்டாம் பாகம்தான் எனக்கு வேண்டியிருந்தது. என்னை வருத்தியதும் அதுதான். வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்று நடந்த முதல் தேர்தலில் உருவான பேரவை இது. 1952 மார்ச் 1ஆம் தேதி அமைக்கப்பட்டது. மே 3ஆம் தேதி கூடியது. 375 பேர். கோட்டையில் இருந்த பழைய மண்டபம் அத்தனை பேருக்குப் போதாது என்று அரசினர் தோட்டத்தில் புதிதாக ஒரு மண்டபம் கட்டினார்கள். பிற்காலத்தில் கலைவாணர் அரங்கம் என்று பெயர் பெற்ற இடம். காங்கிரசுக்கு 152 இடங்களே கிடைத்தன. கம்யூனிஸ்டுகள் 62 பேர் வந்தார்கள். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சிக்கு 19, மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6. யாருக்கும் பெரும்பான்மை இல்லாத சபை என்பதால் இதில் ஒவ்வோர் உறுப்பினரும் முக்கியம். யார் எந்தத் தேதியில் உள்ளே இருந்தார், யார் இல்லை என்பதைப் பொறுத்து ஆட்சியே மாறக்கூடிய நிலை.

அப்படிப்பட்ட சபையின் பட்டியலை இவர்கள் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மூலத்தில் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் குறிப்புகள் உண்டு. இறந்தவர், விலகியவர், இடைத்தேர்தலில் வந்தவர், எல்லோரும் அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறார்கள். ஸ்கேன் செய்தவர் பக்கத்தை அழகாக்குவதாக நினைத்து நாலு பக்கமும் வெட்டியிருக்கிறார். அடிக்குறிப்புகள் அந்த வெட்டில் போய்விட்டன. குடியாத்தம் வரியில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு உடுக்குறி (*) அப்படியே இருக்கிறது. கண்ணைக் கீழே இறக்கினால் முதல் வரியின் மேல்பாதி மட்டும் தெரிகிறது; எழுத்துகளின் தலை இருக்கிறது, உடல் இல்லை. அந்த வரியில் இருந்திருக்க வேண்டிய பெயர் காமராஜர்.

1954 ஏப்ரல் 13ஆம் தேதி முதலமைச்சர் பொறுப்பேற்றபோது அவர் ஸ்ரீவில்லிபுத்தூரின் நாடாளுமன்ற உறுப்பினர். ஆறு மாதத்துக்குள் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராகியாக வேண்டும். குடியாத்தம் காலியாயிற்று, அங்கே நின்றார், கம்யூனிஸ்ட் வேட்பாளரைத் தோற்கடித்தார். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் அவரை ஆதரித்த தேர்தல் அது. எங்கள் ஊரின் பெயர் தமிழக வரலாற்றில் வருகிற முக்கியமான இடம் இதுதான். அது இந்தப் புத்தகத்தில் ஓர் உடுக்குறியாக நிற்கிறது. பதிப்பகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். பேசியவர் மரியாதையாகவே பேசினார். "அம்மா, எங்களுக்குக் கிடைத்த பிரதியிலேயே அப்படித்தான் இருந்தது" என்றார். சென்னையில் ஒரு நூலகத்தில் மூலப் பிரதியைப் பார்த்துவிட்டேன், அதில் குறிப்பு முழுதாக இருக்கிறது என்று சொன்னதும், அடுத்த அச்சில் சேர்க்கிறோம், இப்போதைக்கு அந்தப் பக்கங்களை மட்டும் தனியாக அனுப்புகிறோம் என்றார். இன்னும் வரவில்லை.

அதைவிடப் பெரிய குறை பெயர் அகராதியில், அதாவது புத்தகத்தின் அகர வரிசைப் பெயர்ப் பட்டியலில். 1952இல் 309 தொகுதிகள். அவற்றில் 66 தொகுதிகளுக்கு இரண்டிரண்டு உறுப்பினர்கள். ஒருவர் பொது இடத்துக்கு, இன்னொருவர் தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கிய இடத்துக்கு. குடியாத்தமும் அப்படி ஓர் இரட்டைத் தொகுதிதான். மூலப் பட்டியலில் இரண்டு பெயரும் ஒன்றன் கீழ் ஒன்றாக, சமமாக இருக்கின்றன. பதிப்பகத்தார் புதிதாகத் தயாரித்த அகராதியில் தொகுதிக்கு ஒரு பெயர் என்று எடுத்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் மேலே இருக்கிற பெயர். கீழே இருக்கிற பெயர் அகராதியில் இல்லை. அதாவது, நாட்டின் முதல் பொதுத் தேர்தலில் வென்று அந்தச் சபைக்குள் நுழைந்த ஒடுக்கப்பட்ட சமூகத்து உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர், தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

இதை ஏதோ அச்சுப்பிழை என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. அந்தச் சபையின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஜே. சிவசண்முகம் பிள்ளை, 1937இல் சென்னை மாநகரின் மேயரான முதல் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர், 1946 முதல் 1955 வரை பேரவைத் தலைவர். அப்படிப்பட்ட ஒரு காலத்தின் பதிவை வெளியிடுகிறவர்கள் அகராதியை இப்படி எடுக்கலாமா? என் வகுப்பில் ஒரு மாணவி, தன் பாட்டியின் ஊர்க்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் எம்.எல்.ஏ.வாக இருந்தார் என்று வீட்டில் சொன்னதைக் கேட்டு, அகராதியில் விரல் வைத்துத் தேடினாள். இல்லை என்றதும் பாட்டி தவறாகச் சொல்லியிருக்கிறாள் என்று புத்தகத்தை மூடப் போனாள். தொகுதிவாரியாகப் புரட்டினோம். இருந்தார். இரண்டாவது வரியில் இருந்தார். இரண்டாம் பாகத்தை ஏற்கெனவே வாங்கியவர்கள் அகராதியை நம்பாமல் மாவட்டம், தொகுதி என்ற வரிசையிலேயே தேட வேண்டும்.

தேதிகள் இல்லாததால் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஒரே பேரவை தன் ஆயுளுக்குள் இரண்டு முறை சுருங்கியது. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திரம் பிரிந்தது. 140 உறுப்பினர்கள் புதிய ஆந்திரச் சட்டமன்றத்துக்குப் போனார்கள். பெல்லாரிப் பகுதி மைசூருடன் சேர்ந்தது. இங்கே எஞ்சியது 231 பேர். 1956 நவம்பர் 1ஆம் தேதி மலபார் கேரளத்துக்கும் தென்கன்னடம் பெரும்பாலும் மைசூருக்கும் போக, 190 ஆனது. சிவசண்முகம் பிள்ளைக்குப் பிறகு பேரவைத் தலைவரான கோபால மேனன் மலபார்க்காரர். மலபார் போனதும் அவருடைய உறுப்பினர் பதவியும் தலைவர் பதவியும் ஒரே நாளில் முடிந்தன. தலைவரையே ஒரு எல்லைக்கோடு வெளியே கொண்டுபோன சபை இது. மறுபதிப்பிலோ 375 பேரும் 1952 முதல் 1957 வரை அசையாமல் உட்கார்ந்திருந்தது போல ஒரே பட்டியல். அனந்தபூரில் சஞ்சீவ ரெட்டியைத் தோற்கடித்து வந்த நாகி ரெட்டி 1953க்குப் பிறகும் சென்னையில் இருந்தார் என்றுதான் இதைப் படிக்கும் பிள்ளை எழுதுவான்.

பின்னிணைப்பில் பேரவை நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து சில பக்கங்கள் சேர்த்திருக்கிறார்கள். தெலுங்கில் பேசியது தெலுங்கு எழுத்திலும் மலையாளத்தில் பேசியது மலையாள எழுத்திலும் அச்சாகியிருக்கும் பக்கங்கள் அவை. பல மொழிக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து வரவு செலவைப் பற்றிச் சண்டை போட்டதை அந்தப் பக்கங்களில் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஒரு தெலுங்குத் தாளைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருந்தால் அரை நிமிட வேலை.

மூன்றாம் பாகம் மேலவை, அதாவது அன்றைய சட்டமன்றத்தின் இரண்டாவது அவை. மெல்லிய புத்தகம், சுத்தமான வேலை. பேரவையைப் போலத் தேர்தலுக்குத் தேர்தல் மொத்தமாகக் கலைக்கப்படாத அவையாக அது இருந்ததால் மூலத்திலேயே ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஓய்வு பெறும் தேதி போட்டிருக்கிறார்கள், அது வெட்டுப்படாமல் தப்பியிருக்கிறது. 1952இல் 72 பேராக இருந்தது ஆந்திரம் பிரிந்ததும் 51 ஆனது தெளிவாகத் தெரிகிறது. 1952இல் முதலமைச்சரான ராஜாஜியின் பெயர் பேரவைப் பட்டியலில் ஏன் இல்லை என்று பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீ பிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். பதில் இந்தப் பாகத்தில் இருக்கிறது, நியமன உறுப்பினர்கள் பகுதியில்.

என் மதிப்பெண்: முதல் பாகம் ஐந்துக்கு நாலரை, மூன்றாம் பாகம் நாலு, இரண்டாம் பாகம் ஒன்றரை. பாகங்களைத் தனித்தனியாகவும் விற்கிறார்கள். முதலும் மூன்றும் சேர்ந்து ரூ. 1,400 வருகிறது. பொதியல் நன்றாக இருந்தது, அட்டை மூலை மடங்கவில்லை, சொன்ன வாரத்திலேயே வந்தது. இரண்டாம் பாகத்தின் புதிய அச்சு வந்தால், பணம் கட்டுவதற்கு முன் குடியாத்தம் பக்கத்தையும் அகராதியின் ஏதாவது ஒரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அடிக்குறிப்பு முழுதாக இருந்து, இரட்டைத் தொகுதிகளின் இரண்டு பெயரும் அகராதியில் இருந்தால் வாங்கலாம்.