பணம் திரும்பி வர எது நல்ல வழி?

ஆன்லைனில் பணம் கட்ட எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டால், முதலில் வரும் பதில் 'பாதுகாப்பு'. ஆனால் கட்டும் நேரத்தில் விரல் போவதோ சீக்கிரம் முடிகிற பட்டனுக்குத்தான். நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு ஹெட்ஃபோன் வாங்கும்வரை.

வேகம் என்று பார்த்தால் ஆப்பிள் பே மாதிரியான வாலட்தான், அதாவது கார்டைப் போனில் சேர்த்து வைத்துக் கட்டும் வசதி. முகத்தைக் காட்டினால் முடிந்தது. கடைக்குப் போவதும் உங்கள் கார்டு எண் அல்ல, அதற்குப் பதிலாக டோக்கன் என்ற வேறொரு எண். கார்டில் என்றால் 16 இலக்கம், காலாவதித் தேதி, பின்பக்க எண், அப்புறம் ஓடிபி. எரிச்சல்தான். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்புவதில் கட்டணம் குறைவு, விற்பவருக்கும் அதுதான் பிடிக்கும்.

சரி, பொருள் தவறாக வந்தால்? எனக்கு வந்த பெட்டியில் இருந்தது வேறு ஏதோ மலிவான மாடல். கடைக்கு மூன்று மெயில் போட்டேன், பதிலே இல்லை. கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் சார்ஜ்பேக் கேட்டேன், அதாவது கடைக்குப் போன பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேட்பது. பெட்டியின் படம், ஆர்டர் விவரம் எல்லாம் கொடுத்தபின் மூன்று வாரத்தில் பணம் வந்தது. நேரடிப் பரிமாற்றமாக அனுப்பியிருந்தால் கதை வேறு. அதில் போன பணத்தை, பணம் பெற்றவர் மனம் வைக்காமல் மீட்பது பெரும்பாடு.

பேபால் என்ற ஆன்லைன் பணச் சேவை இதில் நடுவழி. வாங்கியதில் பிரச்சினை என்றால் 180 நாளுக்குள் புகார் எழுப்பலாம். ஆனால் 'நண்பர்கள், குடும்பத்தினர்' என்ற வகையில் அனுப்பினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. முன்பின் தெரியாத விற்பவர் "கட்டணம் மிச்சம், அப்படியே அனுப்புங்கள்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆப்பிள் பேயில் கார்டைச் சேர்த்துக் கட்டினால் பின்னால் இருப்பது அந்தக் கார்டுதான். தகராறு வந்தால் அதைக் கொடுத்த வங்கியிடம்தான் போக வேண்டும். அதனால் வாலட்டா கார்டா என்ற கேள்வியே பாதி வீண். கிரெடிட் கார்டை வாலட்டில் போட்டுக்கொண்டால் வேகமும் கிடைக்கும், சார்ஜ்பேக்கும் கையில் இருக்கும். நேரடிப் பரிமாற்றத்தை நான் தெரிந்தவர்களுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டுக் கடையில் வாங்கும்போது மட்டும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பேபால் தானே நாணயத்தை மாற்றினால் அதற்கென்று ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்ளும். விற்பவரின் நாணயத்திலேயே கார்டில் கட்டும் வசதி, கட்டும் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். கார்டின் நாணய மாற்றுக் கட்டணத்தையும் பார்த்துவிட்டு, எது குறைவோ அதை அழுத்துங்கள்.