18,500 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது பதினான்கு நாள் ட்ரையல்

இன்று மத்தியானம் முதலாளி முன்னால் தலை குனிந்து நின்றேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். மல்லி விலை முகூர்த்தத்துக்கு ஏறும், மறுநாளே படுத்துவிடும். மூன்று நாள் சராசரியை ஓடவிட்டுப் பார்த்தால்தான் போக்கு பிடிபடும். கணக்கைப் படமாகப் போட்டுக் காட்டும் டேப்லோ என்ற சாஃப்ட்வேரில் விண்டோ கணக்கு என்று அதற்கு ஒன்று இருக்கிறது. அதைக் கற்கத்தான் பைபாஸ் ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன்.

அங்கிருந்த தம்பி டீ வரவழைத்தார். என் நோட்டில் இருந்த மல்லி விலையை அவரே ஏற்றி, மூவிங் ஆவரேஜ் என்று ஒரு கிளிக். ரம்பப் பல் மாதிரி இருந்த கோடு வழவழவென்று ஆகிவிட்டது. "அண்ணே, இதை அடி முதல் நுனி வரை சொல்லித் தர்றோம். ஒரு வருஷ லைசென்ஸும் இதுலயே அடக்கம்" என்றார். நான் விழுந்த இடம் அந்தக் கோடுதான். உட்கார்ந்த இடத்திலேயே ஜிபேயில் 18,500 ரூபாய் அனுப்பினேன். வீட்டில்கூடக் கேட்கவில்லை.

வகுப்பு முழுக்க பார் சார்ட், பை சார்ட், கலர் மாற்றுவது. விண்டோ கணக்குக்கு நாற்பது நிமிடம், அதுவும் அதே ஒரு கிளிக். பதினைந்தாம் நாள் என் லேப்டாப்பில் டேப்லோ திறக்கவில்லை. கம்பெனி யாருக்கும் சும்மா தரும் பதினான்கு நாள் ட்ரையலைத்தான் லைசென்ஸ் என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்!

சரி என்று அவர்கள் மெஷினிலேயே மல்லி, பிச்சி இரண்டுக்கும் ரிப்போர்ட் போட்டேன். சொல்லித் தந்தவர் பார்த்துவிட்டு "சூப்பர்ணே" என்றார். முதலாளி பார்த்தார். "அந்த வாரம் பிச்சி அறுநூறைத் தாண்டவே இல்லையேப்பா, சராசரி எப்படி 1,200 வரும்?"

ராத்திரி அக்கா மகள் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தாள். கணக்கு 'டேபிள் டவுன்' என்று ஓடியிருக்கிறது. மல்லி வரிசை முடிந்ததும் நிற்காமல் பிச்சிக்குள் இறங்கி, மல்லியின் கடைசி இரண்டு நாள் 1,500, 1,500, பிச்சியின் முதல் நாள் 600, மூன்றையும் சேர்த்து வகுத்துவிட்டது. 'பேன் டவுன்' என்று மாற்றியதும் ஒவ்வொரு பூவுக்கும் புதிதாகத் தொடங்கியது. இன்னொன்றும் காட்டினாள். தேதி ஃபில்டர் போட்டால் அது முதலில் வேலை செய்து, அதற்கப்புறம்தான் விண்டோ கணக்கு ஓடுமாம். தை மாதத்தை மட்டும் எடுத்தால் தை ஒன்றாம் தேதிக்கு முந்தைய இரண்டு நாளும் கணக்கிலேயே இருக்காது. இந்த இரண்டையும் சொல்லாமல் என்னத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள்?

போன் போட்டேன். "சாஃப்ட்வேர் அப்படித்தான்ணே." மறுபடி போட்டேன். "கோஆர்டினேட்டர் கூப்பிடுவாங்க." மூன்றாவது தடவை, "அது அட்வான்ஸ்டு, தனியா 6,000 ஆகும்." இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. 18,500 ரூபாய் சார், என் ஒரு மாதச் சம்பளம்!

விண்டோ கணக்கு பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு இல்லை. டெமோவிலேயே இரண்டு பொருளைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டேபிள் டவுனா, பேன் டவுனா என்று மாற்றும் 'கம்ப்யூட் யூஸிங்' எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், முழித்தால் எழுந்து வந்துவிடுங்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள். டேப்லோ பப்ளிக் இலவசம்தான், ஆனால் அதில் பப்ளிஷ் செய்தால் ஊரே பார்க்கும், கடைக் கணக்கை ஏற்றிவிடாதீர்கள். பில் வாங்குங்கள். எனக்குக் கொடுத்த துண்டுச்சீட்டில் 18,500 என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அதை வைத்துக்கொண்டுதான் நாளை நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடப் போகிறேன்.