ஓசூர் பஸ்ஸுக்கு கோன்கென் பை சரிவருமா?

ஸ்வீடனின் வடகிழக்குக் கடலோரத்தில் உள்ள ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் சின்ன ஊர். 1960-ல் ஓக்கே நூர்டின் அங்கே தொடங்கியதுதான் ஃபியெல்ரேவன் என்ற பை நிறுவனம். முதலில் செய்தது அலுமினியச் சட்டம் வைத்த மலையேற்றப் பை. பள்ளிப் பிள்ளைகளின் முதுகுவலியை மனதில் வைத்து 1978-ல் கோன்கென் முதுகுப்பை வந்தது.

38 செ.மீ. உயரம், 27 அகலம், 13 ஆழம். கொள்ளளவு 16 லிட்டர், எடை சுமார் 300 கிராம். ஏ4 ஃபைல் இரண்டு நேராக நிற்கும். ஜிப் மூன்று பக்கமும் திறப்பதால் அடியில் கிடக்கும் பொருளைத் துழாவ வேண்டாம். முதுகுப் பக்க உள்ளறையில் ஃபோம் அட்டை இருக்கிறது. ஒகேனக்கல் ஈரப்பாறையில் விரித்து உட்காரலாம். அதை வீட்டில் எடுத்து வைத்துவிடாதீர்கள், புத்தக முனை முதுகில் குத்தும்.

தோள்பட்டை வார்தான் பெரிய குறை. மெல்லிய நாடா, பஞ்சே கிடையாது. நான்கைந்து கிலோ ஏற்றி ஓசூரிலிருந்து பெங்களூருக்கு நின்றுகொண்டே போனால் தோளில் தடம் பதியும். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் புத்தகப்பை இருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் 2020-ம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. அந்த அளவுக்கு இந்த வார் நன்றாகவே போதும். லேப்டாப் வைக்க இது வேண்டாம். அடியில் மெத்தை இல்லாததால் பையைத் தரையில் வைக்கும்போது முனை இடிக்கும். லேப்டாப்புக்கென்றே பஞ்சு வார் வைத்த கோன்கென் தனியாக வருகிறது, அதைப் பாருங்கள்.

துணி வினைலான் என்ற செயற்கை இழை. நனைந்தால் நூல் உப்பி இடைவெளியை அடைப்பதால் தூறலுக்குத் தாங்கும். ஐப்பசி அடைமழையில் பைக்கில் போனால் ஜிப் வழியாக நீர் இறங்கும், மழை உறை கட்டாயம்.

வாஷிங் மெஷினில் போடக் கூடாது. துணி கெடும், சாயமும் போகும். வெதுவெதுப்பான நீர், மென்மையான பிரஷ், லேசான சோப்பு, நிழலில் உலர்த்தல், அவ்வளவே. இதே நிறுவனத்தின் ஜி-1000 என்ற வேறு துணிக்குப் பூசும் மெழுகை இதில் பூசாதீர்கள், வினைலானில் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும். சாம்பார் கசியும் டிபன் பாக்ஸுக்குத் தனிக் கவர் போடுங்கள்.

வாங்கும்போது வட்ட நரி முத்திரை மேல் போன் லைட்டை அடியுங்கள். அசல் என்றால் வெளிச்சம் திருப்பி அடிக்கும். இருட்டில் சாலையோரம் நடக்கும் பிள்ளைக்கு அந்த ஒளியே உதவி.