சத்துவாச்சாரி மாடிக் கடை: அழகு நிலையத்துக்கு ஏற்ற இடமா?

வேலூர் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்துக்குச் சற்றுத் தள்ளியுள்ள வணிக வளாகம் ஒன்றின் முதல் தளத்தில், 380 சதுர அடிக் கடையை வாடகைக்கு எடுத்து இரண்டு ஆண்டுகளாகப் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்தி வருகிறேன். அமைவிடத்தில் எனக்கு மனக்குறை ஏதும் இல்லை. அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் பெண்கள் வழியிலேயே வந்து செல்ல முடிகிறது. வண்டி நிறுத்தவும் இடம் உண்டு. ஆனால், சலூன் வைக்க இந்தக் கடையை இன்னொருவருக்குப் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை. அதற்கு முதற்காரணம் தண்ணீர்.

வளாகம் முழுவதற்கும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். கடையைப் பார்க்கச் சென்ற அன்று குழாயைத் திறந்து, தண்ணீர் வேகமாக வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்தேன். திறந்த முதல் வாரமே ஷாம்பு நுரைக்கவில்லை. கழுவிய முடி உலர்ந்த பிறகும் பிசுபிசுத்தது. சில மாதங்களில் கீசரின் கம்பியில் சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவு கட்டியது. பிறகுதான் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை, அதாவது நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதி. எங்கள் நீர் அந்த 600ஐயும் தாண்டியிருந்தது. கையடக்க டிடிஎஸ் மீட்டர் கரைந்துள்ள மொத்த உப்பைத்தான் மதிப்பிட்டுக் காட்டும், கடினத்தன்மையைத் தனியே காட்டாது என்பதால் ஆய்வகப் பரிசோதனைதான் நம்பத்தக்கது. இப்போது மென்னீராக்கும் கருவி பொருத்தியிருக்கிறோம். அதற்கு அடிக்கடி உப்புப் போட வேண்டியிருக்கிறது.

கழிவுநீர் இதைவிடப் பெரிய தொல்லை. முன்பு அலுவலகமாக இருந்த கடை என்பதால், ஒரே ஒரு கைகழுவும் தொட்டிக்கான ஒன்றரை அங்குலக் குழாய்தான் இருந்தது. அதிலேயே இரண்டு ஷாம்பு பேசின்களை இணைத்ததில், முடியும் கண்டிஷனர் பிசுக்கும் சேர்ந்து அடைத்துக்கொண்டு, கீழே உள்ள துணிக்கடையின் கூரையில் நீர் கசிந்தது. அந்தக் கடைக்காரம்மா பொறுமைசாலி. வேறு யாராக இருந்தாலும் சண்டை வந்திருக்கும். குழாயை மாற்றும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லாததால், உரிமையாளர் கைவிரித்துவிட, முழுச் செலவும் என் தலையில் விழுந்தது.

மின்சாரத்தில் தப்பித்தேன். இரண்டு ஏசி, ஒரு கீசர், இரண்டு ஹேர் டிரையர் ஆகியவை ஒரே நேரத்தில் ஓடினாலே எட்டு கிலோவாட் வந்துவிடும். இங்கே மும்முனை இணைப்பும் வணிக மீட்டரும் முன்பே இருந்தன. வீட்டைக் கடையாக மாற்றிய கட்டடங்களைப் பார்ப்பவர்கள், மீட்டர் வீட்டு இணைப்பில் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அதில் தொழில் நடத்துவது மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அபராதக் கணக்கீட்டுக்கு உரியது.

ஒப்பந்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினொரு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்திட்டேன். கண்ணாடி, நாற்காலி, குழாய் என்று கையில் இருந்ததையெல்லாம் செலவழித்த பிறகு, புதுப்பிக்கும் நேரத்தில் உரிமையாளர் கேட்ட உயர்வை மறுக்கும் நிலையில் நான் இல்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும். அந்தச் செலவுக்கு அஞ்சித்தான் பலர் பதினொரு மாதத்தோடு நிற்கிறார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். மூன்றாண்டுக்கு வாடகை உயர்வின் அளவையும், காலி செய்யும்போது நான் பொருத்தியவற்றில் எவை எனக்குச் சேரும் என்பதையும் எழுதிப் பதிந்திருந்தால், அந்த உயர்வைவிடக் குறைவாகவே செலவாகியிருக்கும்.

தையற்கடைக்கோ கைப்பேசிக் கடைக்கோ இது நல்ல இடம். சலூனுக்கு என்றால், நான்கு அங்குலக் கழிவுக் குழாயைத் தன் செலவில் போட்டுத் தர உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே எடுக்கலாம். காட்பாடி காந்தி நகரில் இரண்டாவது கிளைக்காகக் கடை பார்த்து வருகிறேன். பார்க்கும் ஒவ்வொரு கடையிலும் இரண்டு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் வடிகாலில் ஊற்றிப் பார்க்கிறேன். பரிசோதனைக்கு ஒரு பாட்டிலில் நீரும் பிடித்துக்கொண்ட பிறகே வாடகை எவ்வளவு என்று கேட்கிறேன்.