ஒரே பக்கத்தில் இரண்டு ஜேக்வெரி: 7 ஆண்டு அனுபவம்

பிறருடைய இணையதளங்களில் முன்பதிவுப் படிவம் ஒன்றைப் பொருத்தும் ஸ்கிரிப்ட் என் பொறுப்பில் இருக்கிறது. 7 ஆண்டுகள் ஆகிவிட்டன. படிவமும் அந்தத் தளங்களும் ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. தளங்களில் அதன் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பது என் கையில் இல்லை. 1.7 இருக்கலாம், 3.6 இருக்கலாம், சில பக்கங்களில் இரண்டுமே இருக்கும். 2013-இல் வந்த 1.9 பதிப்பு ‘லைவ்’, ‘பிரவுசர்’ போன்ற பழைய வசதிகளை எடுத்துவிட்டது. அதனால் என் புதிய பதிப்பு அவர்களுடையதை மூடிவிட்டால் அவர்கள் பக்கத்து மெனு திறக்காது. அவர்களுடைய பழையதையே நான் எடுத்துக்கொண்டால் என் படிவம் நின்றுவிடும்.

முதல் 3 ஆண்டுகள் ஜேக்வெரியிலேயே உள்ள நோகான்ஃப்ளிக்ட் என்ற ஃபங்ஷனை நம்பி ஓட்டினேன். அது செய்வது எளிய வேலைதான். ஜேக்வெரி ஏறும்போதே, நிரல்கள் அதை அழைக்கும் ‘$’, ‘ஜேக்வெரி’ என்ற இரண்டு பெயர்களும் அதுவரை யாரிடம் இருந்தன என்று குறித்து வைத்துக்கொள்கிறது. நோகான்ஃப்ளிக்ட்டை அழைத்தால் ‘$’ பழையவரிடம் திரும்பும். ‘ட்ரூ’ சேர்த்து அழைத்தால் இரண்டு பெயர்களுமே திரும்பும். நம் பிரதியைத் தனி மாறியில் வைத்துக்கொள்ளலாம். இந்த அளவில் அது ஒருமுறைகூட என்னைக் கைவிட்டதில்லை.

தொல்லை, ஜேக்வெரிக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் பிளகின்கள் வழியாக வந்தது. பிளகின் தான் ஏறும் நொடியில் ‘ஜேக்வெரி’ என்ற பெயரில் யார் இருக்கிறாரோ அவரிடம் போய் ஒட்டிக்கொள்ளும். எங்கள் தேதி நாட்காட்டி, பயனர் கட்டத்தைத் தொட்ட பிறகுதான் இறங்கும்படி இருந்தது. அதற்குள் பெயர் தளத்தின் பழைய பிரதிக்குத் திரும்பியிருக்கும். நாட்காட்டி அங்கே போய் ஒட்டும், என் பிரதியோ அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று பிழை காட்டும். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஒரு தளம் அதே நாட்காட்டியின் வேறு பதிப்பை ஏற்கெனவே வைத்திருந்தது. எங்களுடையது அதன் மேல் எழுதிவிட்டது, அவர்களுடைய பக்கம் உடைந்தது. உள்ளூர்ச் சோதனைப் பக்கத்தில் ஒரே ஒரு ஜேக்வெரிதான் இருந்ததால் அங்கே எல்லாம் சரியாகவே ஓடியது. காரணத்தைப் பிடிக்க இரண்டு வாரம் ஆனது.

அப்புறம் நிகழ்வுகள், அதாவது ஏதாவது நடந்ததும் ஸ்கிரிப்ட்டுகளுக்குப் போகும் ஈவென்ட் அறிவிப்புகள். ஒவ்வொரு ஜேக்வெரி பிரதியும் தன் பதிப்பு எண்ணோடு ஒரு தற்செயல் எண்ணையும் சேர்த்துத் தனக்கென ஒரு சாவியை உருவாக்கி, நிகழ்வுகளையும் தரவையும் அதன் கீழ் வைக்கிறது. பெயர்ச் சண்டை தீர்ந்தாலும் இந்தப் பெட்டிகள் தனித்தனியேதான் இருக்கும். என் பிரதியிலிருந்து ‘ட்ரிகர்’ போட்டு எழுப்பிய சொந்த நிகழ்வு, தளத்தின் பிரதியில் ‘ஆன்’ போட்டுக் காத்திருந்தவருக்குக் கேட்கவே இல்லை. இப்போது தளத்தோடு பேச வேண்டிய எல்லாவற்றையும் பிரவுசரின் சொந்த கஸ்டம்ஈவென்ட் வழியாக அனுப்புகிறேன். அதை எந்தப் பிரதியும் கேட்கும்.

ஸ்கிரிப்ட்டுகளை ஏற்றித் தரும் ரிக்கொயர்ஜேஎஸ் என்ற கருவி இருக்கும் பக்கங்களில் வேறு வகைத் தலைவலி. பிளகின் அதன் ‘டிஃபைன்’ என்ற ஃபங்ஷனைப் பார்த்ததும் அங்கே பெயரில்லாமல் பதிவு செய்யப் போகும், பக்கம் பிழையோடு நிற்கும்.

நான்காம் ஆண்டில் எல்லாவற்றையும் ஒரே பண்டிலாக, அதாவது ஒரே கோப்பாகக் கட்டினேன். வெப்பேக் என்ற கட்டும் கருவி வழியாக மாட்யூலாக இழுத்தால் ஜேக்வெரி வெளியே எந்தப் பெயரையும் வைப்பதில்லை. பெயரே வைக்காத இடத்தில் திருப்பித் தர எதுவும் இல்லை, ஆகவே நோகான்ஃப்ளிக்ட் தேவைப்படவில்லை. நாட்காட்டியும் உள்ளேயே என் பிரதியைப் பெற்றுக்கொள்கிறது. அதன் பிறகு தளங்களிலிருந்து இந்த வகைப் புகார் ஒன்றுகூட வரவில்லை. விலை என்னவென்றால், ஒவ்வொரு பக்கமும் கூடுதலாகச் சுமார் 30 கேபி இறக்க வேண்டியிருக்கிறது. வேகம் குறைந்த இணைப்பில் இருப்பவர்களை நினைத்தால் இது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

எங்கள் நிர்வாகத் திரை, திரைகளை அமைக்க உதவும் ரியாக்ட் என்ற நூலகத்தில் இருக்கிறது. அங்கே தனித்தனிப் பிரதி என்ற வழி செல்லாது. இரண்டு ரியாக்ட் சேர்ந்தால் ‘இன்வேலிட் ஹூக் கால்’ வந்து திரையே நின்றுவிடும். எங்கள் பொதுப் பட்டன்கள் இருந்த பேக்கேஜ், ரியாக்ட்டைத் தன் டிபென்டன்சியாக, அதாவது தன்னோடு தனியே இழுத்து வருவதாக வைத்திருந்ததுதான் காரணம். திட்டத்தில் இருக்கும் பிரதியையே பகிர்ந்துகொள்ளும் பியர் டிபென்டன்சிக்கு மாற்றியதும் சரியானது. பேக்கேஜ்களை நிறுவும் கருவியான என்பிஎம், 7-ஆம் பதிப்பு முதல் பியர்களைத் தானாகவே நிறுவுகிறது, பதிப்பு பொருந்தாவிட்டால் நிறுவலை நிறுத்திவிடுகிறது. பலர் ‘லெகசி பியர் டெப்ஸ்’ என்ற விருப்பத்தைப் போட்டு அந்தப் பிழையைத் தாண்டிப் போகிறார்கள். நான் அதை எங்கள் குழுவில் அனுமதிப்பதில்லை, அந்தப் பிழை காட்டும் மோதல் உண்மையானது.

தனித்தனியாகக் கட்டிய செயலிகள் ஓடும்போதே நூலகங்களைப் பகிர்ந்துகொள்ள உதவும் வெப்பேக் 5-இன் மாட்யூல் ஃபெடரேஷனையும் 2 ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். ஒரு நூலகத்தை ‘சிங்கிள்டன்’ (ஒரே பிரதி) என்று குறித்தால் இருப்பதில் உயர்ந்த பதிப்பு எல்லோருக்கும் போகும். பொருந்தாவிட்டால் கன்சோலில் ஒரு எச்சரிக்கை மட்டும் வரும், அதை யாரும் பார்ப்பதில்லை. ‘ஸ்ட்ரிக்ட் வெர்ஷன்’ சேர்த்தால் பிழையாகவே வரும். சோதனைச் சூழலில் அதைக் கட்டாயம் போடுங்கள்.

இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் என் சோதனைப் பக்கத்தில் ஜேக்வெரி 1.7, அதன் மேல் 3.6, கூடவே ரிக்கொயர்ஜேஎஸ் என மூன்றையும் ஏற்றிவிட்டுத்தான் படிவத்தைத் திறக்கிறேன். நாட்காட்டியைத் தவிர மற்ற இடங்களில் ஜேக்வெரியை எடுத்துவிட்டேன். அந்தக் கடைசி ஒன்றை இந்த ஆண்டு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.