ஜிம்னாஸ்டிக்ஸ் அகாடமியில் பிள்ளையைச் சேர்க்கிறீர்களா? மார்க் ஷீட்டைக் கேளுங்கள்

தென்சென்னையில் ஒரு தனியார் ஜிம்னாஸ்டிக்ஸ் அகாடமி. என் ஏழு வயது மகளுக்காக அங்கே ஒரு வருடத்துக்கும் மேல் பணம் கட்டினோம். புகார் நிலுவையில் இருப்பதால் அகாடமியின் பெயரை எழுதவில்லை. இதே பாணியில் வேறு இடங்களிலும் நடக்கிறது என்று மற்ற பெற்றோர் சொல்வதால், அவர்கள் வேலை செய்யும் விதத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் இலவச டெமோ கிளாஸ். குழந்தை கையை ஊன்றிப் பக்கவாட்டில் சுழலும் கார்ட்வீலை இரண்டு தடவை போட்டதும் கோச் நம்மைத் தனியாகக் கூப்பிடுவார். "பாடி நேச்சுரலா வளையுது மேடம், இந்த வயசை விட்டா திரும்ப வராது." சுவரில் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகரின் பெரிய படம். எலைட் பேட்ச் என்றால் மாதக் கட்டணம் கிடையாது, வருடத்துக்கு 54,000 ரூபாய் மொத்தமாகக் கட்டணும். அதைக் கோச்சின் சொந்த எண்ணுக்கு ஜிபே பண்ணச் சொன்னார்கள். ரசீதில் 'டிரஸ்டுக்கு நன்கொடை' என்று போட்டிருந்தது. அது எதற்கு என்று பின்னால்தான் புரிந்தது.

அப்புறம் லெவல் பரீட்சை. ஒன்று முதல் பத்து வரை லெவல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை 2,500 ரூபாய், ஒரு பேட்ஜ், ஒரு சான்றிதழ். அமெரிக்காவில் பத்து லெவல் முறை இருப்பது உண்மைதான். அங்கே அதை நாட்டின் ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பே வகுத்திருக்கிறது. நம் நாட்டுப் போட்டிகள் சப் ஜூனியர், ஜூனியர், சீனியர் என்று வயதுப் பிரிவில்தான் நடக்கின்றன. இவர்கள் கொடுத்த 'லெவல் 4'-க்கு அந்த அகாடமி வாசலைத் தாண்டினால் எந்த மதிப்பும் இல்லை. பெண்களுக்கான ஆர்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில் வால்ட் (ஓடிவந்து மேசையைத் தாண்டுவது), அன்ஈவன் பார்ஸ் (உயரம் மாறுபட்ட இரண்டு கம்பிகள்), பீம் (ஒடுக்கமான நீளக் கட்டை), ஃப்ளோர் (தரை) என்று நான்கு கருவிகள். என் மகள் லெவல் 4 முடித்தபோது ஒரு பாரைக்கூடத் தொட்டதில்லை. ஏனென்றால் அங்கே பாரே இல்லை! காற்றடைத்த டிராக், நாலு மேட், தரையோடு கிடக்கும் ஒரு பீம், அவ்வளவுதான். போட்டி பீம் தரையிலிருந்து 125 செ.மீ. உயரம், அகலம் வெறும் 10 செ.மீ.

பெரிய பணம் போவது போட்டிகளில். 'நேஷனல் ஓபன் சாம்பியன்ஷிப்' என்று ஓசூர் பக்கம் ஒரு பள்ளி ஹாலில் நடத்தினார்கள். நுழைவுக் கட்டணம் 4,500, அவர்களிடமே வாங்க வேண்டிய லியோடார்ட் (உடலை ஒட்டிய போட்டி உடை) 3,200, போக்குவரத்தும் தங்குவதும் நம் செலவு. வயது, லெவல், கருவி என்று பிரித்துப் பிரித்து, கடைசியில் என் மகளின் பிரிவில் நின்றது மூன்றே குழந்தைகள். மூன்று பேருக்கும் பதக்கம். இவளுக்குத் தங்கம். மறுநாள் வாட்ஸ்அப் குரூப்பில் 'நேஷனல் கோல்ட் மெடலிஸ்ட்' என்று பேனர் வந்துவிட்டது. தாத்தா பாட்டிக்கெல்லாம் ஏக சந்தோஷம்.

அவள் எத்தனை மார்க் வாங்கினாள் என்று கோச்சிடம் கேட்டேன். "அதெல்லாம் ஜட்ஜஸ்கிட்ட இருக்கும் மேடம், பேரன்ட்ஸுக்குக் கொடுக்க மாட்டாங்க" என்றார். இதுதான் முழுப் பொய். இந்த விளையாட்டே மார்க்கில்தான் நிற்கிறது. செய்த வித்தைகளின் கடினத்துக்கு ஒரு மார்க். செய்த நேர்த்திக்கு 10-லிருந்து கழித்துக் கழித்து இன்னொன்று. சின்னத் தவறுக்கு 0.1 போகும், விழுந்தால் முழுசாக 1 போகும். அவர்கள் சுவரில் மாட்டியிருந்த தீபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட்டில் அவர் எடுத்தது 15.066, வெண்கலம் வாங்கியவர் எடுத்தது 15.216. வெறும் 0.15-ல் பதக்கம் போனது நாடு முழுக்கத் தெரியும். என் மகளின் தங்கத்துக்கு ஒரு எண்கூடக் கிடையாது.

அந்தச் சான்றிதழில் 'அரசால் பதிவு செய்யப்பட்ட ஃபெடரேஷன்' என்று இருந்தது. டிரஸ்டோ சொசைட்டியோ யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த ஃபெடரேஷன்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அதில் இந்த விளையாட்டுக்கு இருப்பது ஜிம்னாஸ்டிக்ஸ் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா. இவர்கள் பெயர் அதில் இல்லை. "பின்னாடி ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு யூஸ் ஆகும்" என்று சொல்லியே எல்லோரையும் பிடிக்கிறார்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணைய அலுவலகத்தில் சான்றிதழைக் காட்டிக் கேட்டேன். அங்கே இருந்தவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது செல்லாதும்மா, இது மாதிரி நிறைய வருது" என்றார்.

அடுத்து காத்மாண்டுவில் 'இன்டர்நேஷனல்' போட்டி. குழந்தைக்கு 48,000, கூட வரும் பெற்றோருக்குத் தனி. முன்பணம் 20,000 கட்டியிருந்த நேரத்தில்தான் அவளுக்கு மணிக்கட்டு வலி வந்தது. தண்ணீர் டம்ளரைத் தூக்கினாலே முகம் சுளித்தாள். கோச்சிடம் சொன்னால், "ஸ்ட்ரென்த் வர்றப்ப வலிக்கும், பழகிடும்." எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் முனையில் குருத்து மாதிரி ஒரு பகுதி இருக்கும், அதில் எடை தாங்கித் தாங்கிப் புண்ணாகியிருக்கிறது என்றார். ஆறு வாரம் கையை ஊன்றவே கூடாது என்றும் சொன்னார். அந்தச் சீட்டைக் காட்டியும், "கேம்ப் மிஸ் பண்ணா செலக்‌ஷன் போயிடும், அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்றுதான் கோச் சொன்னார். பயிற்சி நேரத்தில் பெற்றோர் உள்ளே போகக் கூடாது, கண்ணாடிக்குத் திரை போட்டிருப்பார்கள். ஸ்ப்ளிட் (கால்களை அகல விரித்துத் தரையில் உட்காருவது) முழுசாக இறங்காத குழந்தைகளின் முதுகில் அசிஸ்டன்ட் உட்கார்ந்து அழுத்துவார் என்பதை மகள் வீட்டில் இருந்த அந்த ஆறு வாரத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட ஆத்திரம் வந்தது இதில்தான். பெற்றோர் பார்க்க முடியாத எந்த ஹாலிலும் பிள்ளையை விடாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அந்த 'நன்கொடை' ரசீது வெளியே வந்தது. நன்கொடைக்கு ரீஃபண்ட் கிடையாதாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். ஜிபே விவரம், எலைட் பேட்ச் கட்டணம் என்று கோச் கைப்பட அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ், மருத்துவர் சீட்டு எல்லாவற்றையும் கொடுத்தேன். அந்த மெசேஜ்தான் உதவியது. காத்மாண்டு முன்பணம் திரும்பி வந்துவிட்டது. வருடக் கட்டணத்தில் மீதி வரவில்லை, அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். அதே குரூப்பில் இருந்த இன்னொரு குடும்பமும் எங்களோடு சேர்ந்திருக்கிறது.

இப்போது அவர்கள் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டு, கோடைக் கேம்புக்கு ஆள் சேர்க்கிறார்கள். நோட்டீஸில் என் மகள் பதக்கத்தோடு நிற்கும் படம் இருக்கிறது. எடுக்கச் சொல்லி எழுதியும் எடுக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து அவள் பள்ளித் தோழியின் அம்மா எனக்கு போன் செய்தார், சேர்க்கலாமா என்று. மேலே எழுதியிருப்பதைத்தான் அவரிடமும் சொன்னேன்.